கையெழுத்துப் போடுகிற மாப்பிள்ளை

அரசுவை முதன்முறையாக “வாங்க மாப்ள” என்று கூப்பிட வேண்டி வந்த நாளில் செம்பியனுக்கு நாக்கு புரளவில்லை. மூன்று வருடம் “டேய் அரசு, அந்த ஸ்பேனரை எட்றா” என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அது. தங்கை வெண்மதியின் கழுத்தில் தாலி ஏறியதும் அந்த ‘டா’ போய்விட்டது. அண்ணா அண்ணா என்று பின்னால் வந்து கொண்டிருந்தவன் மச்சான் என்று கூப்பிட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா வஞ்சிரத்தின் நடுத்துண்டை அரசுவின் இலையில் வைத்தாள். வால் துண்டு செம்பியனுக்கு வந்தது.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பேருக்கும் ஒரே வேலை. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய ஒரு பராமரிப்புக் கம்பெனியில், ஹேங்கருக்குள் கொண்டுவந்து நிறுத்தப்படும் விமானங்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து மாட்டுகிற வேலை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஒரே விமானத்தின் ஒரே ரெக்கைக்குக் கீழே நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று.

செம்பியன் கடலூர் முதுநகர்க்காரன். அப்பா அய்யனார் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். போட்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டப் பத்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டவன் செம்பியன். பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க் வந்ததும் சென்னைக்குப் போய் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தான். அந்தத் தெருவிலிருந்து அப்படி ஒரு படிப்புக்குப் போனவன் அவன்தான் முதல்.

படித்து முடித்தால் மட்டும் போதாது. அரசாங்கம் நடத்தும் பரீட்சைகளைத் தாள் தாளாக எழுதி ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். இத்தனை வருடம் விமானத்தில் கை வைத்து வேலை செய்தேன் என்று பதிவேட்டில் காட்ட வேண்டும். அப்புறம்தான் லைசன்ஸ். அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட வகை விமானத்துக்கான பயிற்சி. அதையும் முடித்தால், எண் பொறித்த ஒரு முத்திரையைக் கம்பெனி தரும். அந்த முத்திரையும் கையெழுத்தும் விழுந்தால்தான் விமானம் ஹேங்கரை விட்டு நகரும். அது கைக்கு வராதவரை எத்தனை வருடம் ஆனாலும் அவன் டெக்னீஷியன். வேலையைச் செய்வான். பின்னாலேயே இன்ஜினியர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

செம்பியனுக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. விமானச் சட்டங்கள். நாற்பது கேள்வியில் முப்பது சரியாக இருக்க வேண்டும். முதல் தடவை இருபத்தாறு. அடுத்த தடவை இருபத்தெட்டு. மூன்றாவது தடவை இருபத்தொன்பது. அந்த ஒரு கேள்வி எது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அரசு சிதம்பரத்துப் பையன். அவர்களும் கடற்கரைக் குடும்பம்தான். பிச்சாவரம் பக்கத்திலிருந்து வந்து, அப்பா வைத்திலிங்கம் மீன்வளத்துறையில் கிளார்க் வேலை பார்த்துச் சிதம்பரத்தில் வீடு கட்டியவர்கள். நான்கு வருடம் கழித்து அதே கல்லூரியிலிருந்து அதே ஹேங்கருக்கு வந்தான். “அண்ணா, நீங்க கடலூராமே” என்று தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பல்லாவரத்தில் தன் அறையிலேயே இடம் கொடுத்தான் செம்பியன். தன் நோட்டுப் புத்தகங்களையும் கொடுத்தான். அந்த நோட்டுகளைப் படித்துத்தான் அரசு சட்டத் தாளில் முதல் தடவையிலேயே முப்பத்தேழு வாங்கினான்.

அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தது செம்பியன்தான். தன் பொட்டலத்தை மட்டும் பாதியிலேயே மடக்கி வைத்துவிட்டான்.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. அரசுவுக்கு லைசன்ஸ் வந்தது, பயிற்சி முடிந்தது, முத்திரை வந்தது. ஒரு மாசி மகத்துக்குக் கடலூர் வந்தவன் வெண்மதியைப் பார்த்தான். பெண் கேட்டு வைத்திலிங்கம் வந்தபோது “தங்கமான புள்ளமா, யோசிக்காம குடு” என்று அம்மாவிடம் சொன்னதும் செம்பியன்தான். பொய் சொல்லவில்லை. அரசு தங்கமான பிள்ளைதான். அதுதான் தாங்க முடியவில்லை.

போல்ட்டுகள் கழன்றுவிடாமல் இருக்க அவற்றின் தலையில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்குவார்கள். லாக் ஒயர் என்று பெயர். செம்பியன் முறுக்கினால் ஒவ்வொரு முறுக்கும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அரசு முறுக்கினால் கோணல்மாணலாக இருக்கும், இரண்டு தடவை வெட்டிப் போட்டுவிட்டு மூன்றாவதாகச் செய்வான். அந்த அரசுதான் செம்பியனின் கம்பிக்கு டார்ச் அடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, முத்திரை வைப்பான். முத்திரை தாளில் விழுகிற அந்தச் சின்னச் சத்தம் ஒவ்வொரு தடவையும் செம்பியனுக்கு வயிற்றில் கேட்கும்.

வெண்மதிக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்தில், மாமியார் வீட்டில் விசேஷம். முடிந்ததும் பிரசவத்துக்குக் கடலூருக்கு அழைத்துவர வேண்டும். சனிக்கிழமை இருவருக்கும் காலை ஷிப்ட். ஞாயிறு காலை கிளம்ப வேண்டிய ஒரு விமானத்தின் இடது ரெக்கையில் வேலை. ரெக்கைக்கு உள்ளே கண்ணுக்கு எட்டாத மூலையில் ஒரு இணைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. நீளும் கம்பியின் முனையில் கைக்கடிகார முகப்பளவு வட்டக் கண்ணாடி பொருத்திய ஒரு கருவி உண்டு. அதை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, பிம்பத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். செம்பியன் பார்த்தான். அரசுவும் பார்த்தான். சரியாக இருந்தது. செம்பியன் மூடியைப் போட்டுப் பூட்டினான்.

மணி ஒன்றரை. “மச்சான், நீங்க கெளம்புங்க” என்றான் அரசு. “அத்த தனியா சீர் சாமான் எல்லாம் கட்டிட்டு இருப்பாங்க. பெட்டிய நான் பாத்துக்கறேன். எல்லாம் உள்ள வெச்சாச்சா?”

“வெச்சாச்சு.”

ஹேங்கரில் கருவிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் தெரிந்துவிடும். ஷிப்ட் முடியும்போது எண்ணிப் பார்த்து, முழுதாக இருக்கிறது என்று பெட்டியை எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டி அரசுவின் பெயரில் இருந்தது. செம்பியன் சொல்லிவிட்டானே என்று அரசு மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அடித்தட்டைத் திறக்கவில்லை.

பஸ் திண்டிவனம் தாண்டியதும் போன் வந்தது.

“மச்சான், அந்தக் கண்ணாடி உங்ககிட்ட இருக்கா?”

“எந்தக் கண்ணாடி?”

“ரெக்கையில பாத்தமே. அடித்தட்டுல பள்ளம் காலியா இருக்குது. அடுத்த ஷிப்டு பாத்துட்டு சொல்றாங்க.”

“பெட்டிலதான வெச்சேன். நல்லா பாருங்க மாப்ள.”

அப்போது அவன் சொன்னது உண்மை. வைத்ததாகத்தான் அவனுக்கு நினைவு.

“சரி மச்சான். இங்க தேடறோம். விமானத்த நிறுத்திட்டாங்க” என்று அரசு வைத்துவிட்டான்.

முதுநகரில் வீட்டுக்குள் நுழையும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. வீடெல்லாம் தாம்பாளத் தட்டுகள். வளையல் அட்டைகள், பழம், பூ, மஞ்சள், குங்குமம். அம்மா மாரியம்மாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித்தாள் சுற்றிக் கொண்டிருந்தாள். செம்பியன் பையைத் திறந்து, துவைக்கக் கொண்டுவந்திருந்த நீலக் கவராலை உதறினான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற வேலை உடுப்பு அது. முட்டிக்குக் கீழே இருக்கிற பாக்கெட்டில் எதுவோ கனத்தது. கையை விட்டான்.

கண்ணாடி. கம்பியைச் சுருக்கிக் கைவிரல் நீளத்துக்கு மடக்கி, அவனே போட்டிருக்கிறான். பிடியில் எண் பொறித்திருந்தது. சுவரில் மணி ஏழு நாற்பது.

உடனே போனை எடுத்தான். அரசுவின் பெயரைத் தேடி அழுத்தவும் கட்டைவிரல் போய்விட்டது.

“மாப்ள கெளம்பிட்டாராமாடா?” என்றாள் அம்மா.

“இல்ல. அங்க ஒரு சாமான் காணோமாம். தேடிட்டு இருக்காரு.”

“பாவம். அவரு கையெழுத்து போட்டாத்தான ஏரோப்ளேனே பறக்கும். உன்ன மாதிரியா, அரை மணி முன்னாடி கெளம்பிட்டு பஸ் ஏறி வர்றதுக்கு?” என்று சிரித்தாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னாள். “எதுத்த வூட்டு சவரியம்மா கேட்டுச்சு, உம் புள்ளயும் அதே வேலைதானேன்னு. ஆமா, இவனும் கூடமாட அங்கதான் இருக்கான்னு சொன்னேன்.”

கூடமாட.

செம்பியன் போனைக் கீழே வைத்தான். ஒரு மணி நேரம் தவிக்கட்டும் என்று நினைத்தான். ஒரே ஒரு மணி நேரம். எண்ணாமல் கையெழுத்துப் போட்டவன்தானே, கையெழுத்தின் கனம் என்னவென்று கொஞ்சம் தெரியட்டும். அப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. மூன்று வருடமாக அறியாத ஒரு சுகம்.

எட்டரைக்கு வெண்மதி சிதம்பரத்திலிருந்து கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. “அண்ணா, அவரு மத்தியானத்துலேர்ந்து சாப்புடலையாம். ஏதோ குச்சி வெச்ச கண்ணாடியாமே? அது கெடைக்கலன்னா வேலையே போயிடுமாண்ணா?”

கண்ணாடி அவனுக்கு எதிரே தலையணை மேல் கிடந்தது.

“அதெல்லாம் போவாது. கெடச்சிடும். நீ சாப்ட்டு படு.”

“உனக்குத் தெரியாதா, எங்க இருக்கும்னு? நீயுந்தான கூட இருந்த?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றான். அது பொய். அவன் வாயால் சொன்ன முதல் பொய். சொல்லிவிட்ட பிறகு இனிமேல் கண்ணாடியை எடுத்து நீட்டுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தான்.

மறுநாள் சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனார்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வரத் தைரியமில்லை. தோள்பையில் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தான். கீழவீதியைத் தாண்டி வண்டி திரும்பும்போது அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செம்பியன் கும்பிடவில்லை.

வைத்திலிங்கம் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. வெண்மதியை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. முகம் மட்டும் வாடியிருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலைப் பார்த்தாள்.

“புருஷங்காரன் இல்லாம என்னா வளைகாப்பு?” என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் சத்தமாகக் கேட்டாள். “ஒரு நாள் லீவு போட முடியாதாமா அவனுக்கு?”

செம்பியனுக்கு அது தேனாக இருந்தது. இன்னும் ரெண்டு பேர் அப்படிச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். வைத்திலிங்கம் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

“அவன் வரக்கூடாதுன்னு இல்லம்மா. ஒரு சாமான் காணாம பூடுச்சாம். அது ஏரோப்ளேனுக்குள்ள கெடக்குதோ என்னவோன்னு சந்தேகமாம். கெடைக்கிற வரைக்கும் விட மாட்டேன்னு அங்கயே நிக்கறான். நூத்தியெம்பது பேரு ஏற வேண்டிய வண்டி. நேத்துலேர்ந்து தூங்கல எம்புள்ள.”

அந்த அம்மாளே முதலில் பேசினாள். “அப்பிடியாப்பட்ட புள்ளையா! குடுத்து வெச்சிருக்கணும்மா வெண்மதி. கைய குடு.” அவள்தான் முதல் வளையலையும் போட்டாள். அம்மா செம்பியனைப் பார்த்து, பார்த்தாயா நம் மாப்பிள்ளையை என்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தன் பையில் கிடக்கிற பொருளால், தன் வேலையால், அரசுவுக்கு ஒரு புகழ் கிடைத்துக் கொண்டிருந்தது. எதைச் செய்தாலும் அது அவனுக்கே போய்ச் சேர்கிறது. செம்பியனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போனான். கலவைச் சோற்று அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றபோது போன் அடித்தது. அரசு.

“மச்சான், வளையல் போட்டாச்சா?”

“போட்டுட்டு இருக்காங்க.”

“வெண்மதி அழுவுதா?”

“இல்ல.”

அரசுவின் குரல் கரகரத்தது. “ரெக்கை மூடி அத்தினியும் திரும்ப தொறந்தாச்சு. சீட்டுக்குக் கீழ வரைக்கும் பாத்தாச்சு. இல்ல மச்சான். மேலருந்து ஒரே நெருக்கடி. வேலை முடிஞ்சப்ப கண்ணாடி பெட்டிலதான் இருந்துச்சு, அப்பறம்தான் தொலைஞ்சுதுன்னு எழுதிக் குடு, மத்தியானமே விட்ரலாம்ன்றாங்க. முடியாதுன்னுட்டேன். உள்ள இருந்து, மேல போறப்ப உருண்டு போயி கேபிள்ல சிக்கிச்சின்னா? நான் கண்ணால பாக்காதத எப்பிடி எழுதறது? ஒருவாட்டி பாக்காம கையெழுத்து போட்டதே போதும்.”

செம்பியனின் கை தோள்பையை அழுத்திப் பிடித்தது.

“முத்திரைய வாங்கி வெச்சிட்டாங்க மச்சான். விசாரணை முடியற வரைக்கும். பெட்டி எம்பேர்ல இருந்துச்சு, பொறுப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்கள இதுல இழுக்கல. அடுத்த மாசம் உங்களுக்குப் பரீட்சை இருக்குது.”

அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று செம்பியன் கேட்டுக்கொண்டான். எழுதிக் கொடுத்திருப்பேன். பதில் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. முத்திரையைக் காப்பாற்றிக்கொள்ள எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பேன். அண்டாவிலிருந்து புளிச்சோற்று ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

“இருக்கு” என்றான்.

“என்னாது?”

“கண்ணாடி. எங்கிட்டதான் இருக்கு. கவரால் பாக்கெட்ல. இப்பதான் பாத்தேன்.”

அந்தப் பக்கம் அரசு சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. “மச்சான்! உங்களக் கும்பிடறேன் மச்சான்! நம்பர தெரியிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. உடனே கெளம்பி வாங்க, கையில பாத்தாத்தான் விடுவாங்க. தேங்க்ஸ் மச்சான்!”

அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஆபீஸில் அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வெண்மதி இரண்டு கை நிறைய வளையலோடு அவன் கையைப் பிடித்தாள். “நீ போனா சரியாயிடும்ணா” என்றாள்.

ஹேங்கருக்குப் போய்ச் சேர ஆறரை மணி. தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் திலகவதி ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். விமானத்தை மூடச் சொல்லிப் போனில் உத்தரவு கொடுத்தார். பிறகு ஒரு படிவத்தைச் செம்பியன் பக்கம் நகர்த்தினார். கண்டெடுத்த இடம். கண்டெடுத்த நாள், நேரம்.

ஞாயிறு, காலை 11.40 என்று எழுதினான்.

திலகவதி படித்தார். “ஒரு சந்தேகம் செம்பியன். வளைகாப்பு வீட்டுக்கு எதுக்கு அழுக்குக் கவரால எடுத்துட்டுப் போனீங்க?”

அதற்குப் பதிலைப் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தான். ஊருக்குக் கொண்டுவந்த பையை அப்படியே தூக்கிக்கொண்டு வளைகாப்புக்குப் போய்விட்டேன் என்று சொல்லலாம். அம்மாவும் கேட்டால் ஆமாம் என்பாள். வாயைத் திறந்தான்.

பக்கத்து நாற்காலியில் அரசு. இரண்டு நாள் தாடி, அதே உடுப்பு, கண் சிவந்திருந்தது. மேனேஜரின் மேஜைமேல், பேனாக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு கவருக்குள் அவனுடைய முத்திரை. இத்தனை நாளாகச் செம்பியன் கண் வைத்த முத்திரை. அது அரசுவின் பையில் இல்லாமல் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். இப்போது பார்க்கிறான். சந்தோஷம் வரவில்லை.

பேனாவை எடுத்து எழுதியதை அடித்தான். மேலே, சனி, மாலை 7.40 என்று எழுதினான்.

அரசு குனிந்து படித்தான். திரும்பிச் செம்பியனின் முகத்தைப் பார்த்தான். எழுந்து வெளியே போய்விட்டான்.

“மறந்து எடுத்துட்டுப் போனதுக்கு இங்க தண்டனை கெடையாது” என்றார் திலகவதி. “அது யாருக்கும் நடக்கும், அதுக்குத்தான் பள்ளம் வெட்டி எண்ணச் சொல்றோம். பதினாறு மணி நேரம் வெச்சிருந்தீங்களே, அது வேற.”

அரசுவுக்கு எண்ணாமல் கையெழுத்துப் போட்டதற்காக மூன்று மாதம் முத்திரை நிறுத்தப்பட்டது. செம்பியனுக்கு ஒரு மாதம் சஸ்பெண்ட். திரும்பி வந்தால் விமானத்தின் பக்கம் போகக்கூடாது, சக்கரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்யும் பிரிவில்தான் வேலை. பரீட்சைக்கு வேண்டிய கம்பெனிக் கடிதம் இந்த வருடம் கிடையாது.

கடலூருக்கு வந்து உட்கார்ந்தான். வீட்டில் வெண்மதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். கவராலில் மறந்துபோய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது, அதற்கா ஒரு மாதம் என்று அவளும் அம்மாவும் அவனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அடுத்த ஞாயிறு அரசு வந்தான். எல்லாரோடும் சிரித்துப் பேசினான். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செம்பியன் பைக்கில் கொண்டுபோய் விட்டான். இறங்கிய பிறகு அரசு கேட்டான்.

“ஏன்?”

செம்பியன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “உன்னப் பாத்தா வயிறு எரியுதுடா” என்றான். ‘நீங்க’ போய்விட்டது தெரிந்தது. “நீ பாஸ் பண்ண நாள்லேர்ந்து. எங்கம்மா உனக்கு மீன் வெக்கிறதப் பாத்தாக்கூட எரியுது.”

“தெரியும்” என்றான் அரசு. “முத்திரை வெக்கும்போது நீங்க எங்கைய பாக்கற பார்வையே சொல்லும். இவ்ளோ தூரம் போவீங்கன்னு நெனைக்கல.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். “வெண்மதிகிட்ட நேரத்த சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாதீங்க. முடியல எனக்கு.”

பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அரசு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் செம்பியனுக்கு ஒன்று புரிந்தது. இனி வெண்மதி தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் அது அரசு போட்ட பிச்சை. அவன் வாயைத் திறக்காமல் இருக்கிற வரைக்கும்தான் இந்த வீட்டில் தான் அண்ணன். அதையும் அவனிடமிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டுமா? முடியாது. நல்லவனாக வேண்டும் என்றெல்லாம் செம்பியன் நினைக்கவில்லை. அரசுவுக்குக் கடன்பட்டு இருக்கக்கூடாது என்றுதான் நினைத்தான்.

வெண்மதி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டான். ஏழு நாற்பதையும் சொன்னான்.

அவள் கை நின்றது. “எட்டரைக்கு நான் போன் பண்ணனே. அப்ப தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“அவரு சாப்புடலன்னு அழுதனே. அப்ப அது எங்க இருந்துச்சு?”

“எதுத்தாப்புலதான் இருந்துச்சு.”

முறத்தைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். உதவிக்கு நீட்டிய கையைத் தொடவில்லை. உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் வாங்கி வரும் பழத்தைத் தொடுவதில்லை. “என்னாடி ஆச்சு ரெண்டு பேருக்கும்?” என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

பத்தொன்பது நாள் போனது. இருபதாம் நாள் விடியற்காலை வலி எடுத்தது. அப்பா கடலுக்குப் போயிருந்தார். செம்பியன்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தான், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினான், ரத்தம் வேண்டுமானால் தருகிறேன் என்று வரிசையில் நின்றான். அரசுவுக்கு அம்மா போன் போட்டாள். அவன் சென்னையிலிருந்து பஸ் ஏறிவிட்டான்.

ஒன்பது மணிக்கு நர்ஸ் ஒரு வெள்ளைத் துணிச் சுருளோடு வெளியே வந்தாள். பெண் குழந்தை. அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். “யாரு வாங்கறீங்க?” என்றாள் நர்ஸ். வேறு ஆளில்லை. செம்பியன் கையை நீட்டினான்.

வெந்நீர் பட்ட மாதிரி சிவந்த முகம். மூடிய கண். அரசுவின் நெற்றி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவனுக்கு முன்னால் நான் வாங்கிவிட்டேன் என்று ஒரு சின்ன குதூகலம் உள்ளே எட்டிப் பார்த்தது. அவன் இன்னும் திண்டிவனம்கூடத் தாண்டியிருக்க மாட்டான். ச்சீ என்று இருந்தது செம்பியனுக்கு. ஆனாலும் அது போகவில்லை. குழந்தையோடு சேர்த்து அதையும் ஏந்திக்கொண்டு நின்றான்.

சற்று நேரத்தில் வெண்மதியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். களைத்துப்போன கண்ணைத் திறந்து முதலில் குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். முகம் சுளித்தது.

“அப்பிடியா புடிக்கறது?” என்றாள். “தலை தொங்குது பாரு. தலைக்கு அடியில கைய குடு.”

கொடுத்தான்.